ஈறின் ஆழம்

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததும் பொற்கொடி பயந்துபோய், அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டாள். வலி இல்லாததால் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடத் தொடங்கியபோதுதான் பல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்குள் இறக்கி அளந்து, நர்ஸிடம் எண்களைச் சொன்னார். "மூணு. நாலு. ஏழு."

"ஏழுன்னா என்ன டாக்டர்?"

"ஈறு பல்லை விட்டு ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்கு விலகியிருக்கு. மூணுக்குள்ள இருக்கணும். பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பு கரைஞ்சிருக்கு. ரத்தம் வந்தப்பவே வந்திருக்கணும்மா. அந்த இடத்துல தேய்க்கறதை நிறுத்தியிருக்கக் கூடாது."

"எல்லாப் பல்லும் போயிடுமா?"

"ஆழமா சுத்தம் பண்ணினா மத்ததைக் காப்பாத்தலாம். இந்த ஒண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது."

மிச்சப் பற்களையும் அளந்து முடித்தார். "வாயை மூடலாம்மா" என்றாள் நர்ஸ். பொற்கொடிக்கு மூடப் பயமாக இருந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளாதபடி உதடுகளை மட்டும் மெல்லச் சேர்த்தாள்.