முதல் குரல்

"அந்தப் பாறையில தூங்கற வாத்துக் கூட்டத்தைப் பாருங்க. எல்லாத்துக்கும் முதுகு வெள்ளை, ஒண்ணுக்கு மட்டும் கறுப்பா…"

டோர்டிஸ் முடிக்கவில்லை, அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"அது கடற்காகம்க்கா! போன வாரம் மிதவையை வாத்துன்னீங்க. பரவாயில்லை, இன்னிக்கு உயிருள்ளதா ஒண்ணைப் பார்த்துட்டீங்க," என்றான் ரூனே.

டோர்டிஸுக்கு முகம் சுண்டிப்போனது. நார்வேயின் வடகோடிக்கு மாற்றலாகி வந்து, பேச்சுத்துணைக்காகச் சேர்ந்த பறவைக் குழு இது. இன்னொரு தடவை தப்பானால் இந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இன்றைக்கு வந்திருந்தாள்.

எல்லோரும் ஓட்வாரைப் பார்த்தார்கள். இங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். ராஜ ஈடர் என்கிற அபூர்வ வாத்தை இந்தக் கரையில் பார்க்காமல் சாகமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

ஆனால் சரியான சிடுமூஞ்சி! அவள் வரும்போதே தன் பெரிய தொலைநோக்கிக்குக் கம்பளித் தொப்பியை மாட்டி மூடி வைத்திருந்தார். குளிரில் காது இரண்டும் சிவந்து கிடந்தும் தொப்பியை எடுக்கவில்லை. யாரும் தொடக்கூடாதாம்.

"அண்ணே, உங்க தொலைநோக்கியில ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்," என்றாள்.

"முடியாது. முதல்ல யார் குரல் கொடுக்கறாங்களோ அவங்க பேர்லதான் பறவை பதிவாகும். தப்புன்னா தப்பும் உங்க பேர்லதான். அது தலையைத் தூக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

என்ன கல்நெஞ்சம்! அழுகையை அடக்கிக்கொண்டு, கையிலிருந்த சின்ன பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

"கார்ல வச்ச வாஃபிள் பலகாரம் ஆறிடும்ணே," என்று முனகினான் ரூனே.

"ஒருத்தரும் நகரக்கூடாது!" என்று அதட்டினார் ஓட்வார்.

அலை ஒன்று பாறையில் மோதித் தெறித்தது. வாத்து தலையைத் தூக்கியது. படப் புத்தகத்தில் பார்த்த அதே ஆரஞ்சு நிறப் புடைப்பு, நெற்றியில்!

"ராஜ ஈடர்!" என்று கத்தியே விட்டாள்.

"அடேயப்பா! அக்கா, முதல் வாஃபிள் உங்களுக்குத்தான்." ரூனே ஓட்வார் பக்கம் திரும்பினான். "பாவம்ணே, உங்க ராஜாவை அக்கா தட்டிட்டுப் போயிட்டாங்களே!"

"போடா!" என்றபடி கார் பக்கம் நடந்தார் ஓட்வார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

டோர்டிஸுக்கு ஆசை அடங்கவில்லை. கிட்டத்தில் இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன? திட்டினால் திட்டட்டும் என்று தொப்பியைத் தூக்கினாள். தொலைநோக்கியை அசைக்க முடியாதபடி திருகுகளை இறுக்கி வைத்திருந்தார் ஓட்வார். அப்படியே குனிந்து கண்ணை வைத்தாள்.

வட்டத்தின் நட்டநடுவில், மறுபடி தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது அதே ராஜ ஈடர்.