உயிர் காக்கும் பை

“தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்து, ஜுவேரியா. நனைஞ்சா அவ்ளோதான்!”

“சுத்தியாச்சுங்க. இன்னும் லேட்டானா திருவான்மியூர்ல வேன் கிளம்பிடும். இந்த வருஷமும் மலை ஏறின மாதிரிதான்!”

“காட்டுல தனியா மாட்டினா தெரியும். டார்ச், விசில், பேண்டேஜ், குளுக்கோஸ் எல்லாம் இருக்கா?”

நூறு மலையேற்ற வீடியோ பார்த்த அனுபவத்தில், அவள் கணவர் ஷாஹுல் ஹமீது மூன்றாவது முறையாகப் பையைக் கவிழ்த்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அடைத்த ஜுவேரியா, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஷூவைக் கட்டினாள். வழியனுப்ப வாசலுக்கு வந்த ஷாஹுல், லுங்கியை இழுத்துக் கட்டியபடி தயங்கினார்.

“நீ வர ரெண்டு நாள் ஆகுமே... நம்ம கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினா எரியும்?”

பையிலிருந்த விசிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“அடுப்புப் பக்கமே போகாதீங்க. பசிச்சா இதை ஊதுங்க. எதிர்வீட்டு அமீனா பீகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”