ஆம்பளைப் படிப்பு

“ஜொகூர்ல போயி மெஷின் படிக்கப் போறியா? காரு நின்னுட்டா பானெட்டத் தொறக்கத் தெரியுமா ஒனக்கு?” சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டார் செல்லையா.

“உங்களுக்குத் தெரியுமாப்பா?” என்றாள் மகள் சுபத்ரா.

“நான் ஆம்பளலா. போன் போட்டு ஆளக் கூப்புடுவேன்.”

“யுனிவர்சிட்டியில எடம் கெடச்சிருச்சுப்பா. நாளைக்குள்ள சரின்னு சொல்லணும்.”

“வேணாம்னு சொல்லு. கையில கிரீஸோட நிக்கிற பொம்பளப் புள்ளய எவன் கட்டுவான்? பக்கத்துல தாப்பாவுல கணக்குப் படி. வாராவாரம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஒத்தாசையா சமைக்கலாம்.”

பொறியியல் துறையை இப்படிப் பெண்களிடமிருந்து காப்பாற்றிவிட்டு, செல்லையா காரில் ஏறினார். சுபத்ராவும் ஏறிக்கொண்டாள். தேயிலைத் தோட்ட மண்டபத்தில் எந்த விழா நடந்தாலும் அவள்தான் அறிவிப்பாளர். மைக்கில் பொம்பளைக் குரல்தான் எடுபடும் என்பது அப்பாவின் கொள்கை.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் நடு நாற்காலியில் செல்லையா அமர்ந்தார். அவர் தலைக்கு மேல் பெரிய பேனர் தொங்கியது: ‘பொறியியலில் நம் பெண்கள். தலைமை: தோட்டச் சங்கத் தலைவர் செல்லையா.’

சுபத்ரா மைக்கைப் பிடித்தாள்.

“ஊருக்குச் சொல்வதோடு நிற்காமல், சொந்த மகளையே ஜொகூருக்குப் பொறியியல் படிக்க அனுப்பும் நம் தலைவருக்கு, இப்போது பொன்னாடை போர்த்தப்படும்.”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மறுத்துச் சொல்லத்தான் செல்லையா வாயைத் திறந்தார். அதற்குள் பொன்னாடையை விரித்த கைகள் அருகில் வந்துவிட்டன.

பொன்னாடையை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. கழுத்தை நீட்டினார்.