பதினோராவது வளைவு

முதல் வளைவிலேயே அவன் விரல்கள் அவளுடைய இடது தோளை அழுத்தின.

அங்கே கிளட்ச் எதுவும் இல்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவனுக்குக் கிளட்சோடு என்ன வேலை? ஆனால் இருபத்திரண்டு வருடம் இதே புல்லட்டில் கொல்லிமலை ஏறிய கை, சொன்னால் கேட்குமா?

அவள் கிளட்சைத் தொடவில்லை. இரண்டாவது கியரிலேயே வண்டியை வளைத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாள்.

இஞ்சின் திணறவில்லை. மெதுவாக, அடிவயிற்றிலிருந்து இழுத்தது.

விரல்கள் தோளில் ஏமாந்து நின்றன.

மூன்று வாரத்துக்கு முன்பும் கணவனை இப்படித்தான் பின்னால் வைத்துக்கொண்டு ஏறினாள்.

மாடு உதைத்து, அவன் இடது மணிக்கட்டு நொறுங்கி, தகடு வைத்துத் தைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவன் மலைமேல் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை.

அன்று வளைவுக்கு வளைவு அவள் கிளட்சைப் பிடித்துக் கியரை இறக்கினாள். மறுபடி பிடித்து ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் அவன் கையும் தோளைக் கூடவே பிடித்தது. பிடிப்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

பதினோராவது வளைவில் கை ஓய்ந்து, பிடி நின்றுவிட்டது. கையின் கனம் மட்டும் தோளில் கிடந்தது.

மலைக்கு மொத்தம் எழுபது வளைவு.

அந்த வாரமே அவன் கடிதம் எழுதினான். நாமக்கல் அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தால் போதும் என்று. இன்று அதை மேலே மருந்தகத்து டாக்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.

பம்புசெட் இஞ்சின் பழுது பார்ப்பது அவள் தொழில். கையைப் பலப்படுத்துவது ஆஸ்பத்திரி டாக்டர் பாடு. கிளட்ச் பிடிக்கிற தடவையைக் குறைப்பது தன் பாடு என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் கிளட்ச் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். கைக்கு லேசாகத்தான் இருந்தது. மேட்டில் வழுக்கியது. பழையபடி இறுக்கினாள்.

அப்புறம் இஞ்சினையே பிரித்தாள். வால்வுகளை அரைத்து உட்காரவைத்தாள். அவன் ஆசையாகப் போட்டிருந்த பெரிய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த சின்னதை மாட்டினாள். ஒரு பல் குறைந்த முன் பல்சக்கரத்தைப் போட்டாள். பொறி விழுகிற டைமிங்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, காது வைத்துக் கேட்டாள். கிணற்றடி இஞ்சின் போலத்தான் இதுவும். ஓட்டம் எதற்கு? ஆழத்திலிருந்து இழுத்தால் போதும்.

மிச்சம் இருந்தது சைலன்சர். கல்யாணமான புதிதில் அவன் வாங்கி மாட்டிய குட்டைக் குழாய். நாலு ஊருக்குக் கேட்கும். மெதுவாகப் போகும்போது இழுவையைத் தின்பதும் அதுதான். கேட்டால் விடமாட்டான் என்று கேட்காமலே கழற்றினாள். நீளமான பழையதை மாட்டினாள்.

இன்று காலையில் வண்டியை உதைத்துப் பார்த்தவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“வண்டிய ஊமையாக்கிப் போட்டியே, பரிமளா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

ஆறாவது வளைவில் விரல்கள் அழுத்த வந்து, அழுத்தாமல் காத்திருந்தன.

பதினொன்று.

மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. ஓரமாக நிறுத்தி, முதல் கியரில் எடுக்க வேண்டியதாயிற்று. கிளட்சைப் பிடித்தாள்.

தோளும் பிடிபட்டது. வலித்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருபத்து மூன்று. முப்பத்தெட்டு. எப்போதாவது ஒரு பிடி.

ஐம்பத்திரண்டில் யாரோ கூப்பிட்டார்கள். பசுவின் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர். அவள் வண்டியை நிறுத்தினாள்.

“மாட்டு டாக்டரே! இன்னிக்காச்சும் காதுல விழுந்துச்சே. எத்தன வருசமா இங்க நின்னு கத்தறேன். உங்க வண்டிச் சத்தத்துல எங்க கேக்குது?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவன் இறங்கிப் போனான். பசுவின் வயிற்றில் இடது கையை வைத்துப் பார்த்தான். முதலில் பயந்து பயந்து. பிறகு நன்றாக ஊன்றி.

“அடுத்த வெள்ளிக்குள்ள கன்னு போட்டுரும்” என்றான்.

“நீங்கதான வருவீங்க?”

அவன் சட்டைப்பையைத் தொட்டான்.

“வர்றேன்.”

திரும்பி வந்தவன் பின்னால் ஏறவில்லை. ஹேண்டில் பக்கம் வந்து நின்றான். காலையிலிருந்து அவள் முகத்தை அவன் பார்த்தது அப்போதுதான்.

“பின்னாடி நகந்து உக்காரு.”

நகர்ந்தாள்.

ஏறி உட்கார்ந்தான். பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினான்.

“இத வச்சுக்க. குனிஞ்சா விழுந்துரும்.”

வாங்கிக்கொண்டாள்.

கிளட்சைப் பிடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கியர் விழுந்தது. இஞ்சின் அணையாமல், அவசரப்படாமல், அவன் விரல்கள் விடும்வரை பொறுத்திருந்து இழுத்தது.

இன்னும் பதினெட்டு வளைவு.

அடுத்த வளைவில் காற்று பலமாக அடித்தது. வலது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இடது கையில் கடிதம் இருந்தது. அதை அவள் அப்படியொன்றும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை.