பக்கத்துக் காம்பரா

"நல்ல நாளும் அதுவுமா தட்டிட்டா பாரு" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

டொக், டொக், டொக். பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம்.

துஷாந்தின் விரல் தானாகப் போய் வொல்யூமைக் குறைத்தது. எத்தனை வருஷமானால் என்ன, பழகின விரல்.

கொழும்பு நைட் கிளப்பில் அவன் கையைத் தூக்கினால் கூட்டமே கையைத் தூக்கும். இங்கே ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டின லயத்து வீட்டில், சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், பக்கத்து வீட்டுக் கருப்பம்மா தட்டினால் அவன் அடங்கவேண்டும். நல்ல கூத்துதான்.

காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. சாப்பாடும் முடிந்தது. அப்புத்தளையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வாசல் பந்தலில் ஆட்டத்துக்குக் காத்திருந்தார்கள். மழை வரும்போல இருந்ததால் துஷாந்த் பாட்டு செட்டை முன் காம்பராவுக்குள் வைத்திருந்தான். பாஸ் ஸ்பீக்கர் பெட்டி கருப்பம்மா பக்கத்துச் சுவரோரம். பழைய பெட்டி இருந்த அதே இடம்.

அந்தப் பழைய பெட்டியை நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சிரிப்பு வரும். யாரோ கழித்துப் போட்ட வேன் ஸ்பீக்கர் இரண்டைப் பலகைப் பெட்டியில் பூட்டி, பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனே செய்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டுப் போட்டால் பிள்ளைகள் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். என்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமைகள் அவை. பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, டொக், டொக்.

குறைப்பான். மறுபடி டொக். இன்னும் குறைப்பான். மறுபடியும் டொக்.

கடைசியில் வெறுத்துப்போய்ப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். ஒரு பாட்டின் தாளம் முடிகிற இடத்தில் இன்னொரு பாட்டைக் கோக்கிற வித்தை அந்த மூலையில் கைவந்ததுதான். அதுதான் அவனைக் கொழும்புவரை கொண்டுபோனது. "எங்க பக்கத்து வீட்டுக்காரி என் பாட்டுப்பெட்டி வாயை மூட வச்சா, அதனாலதான் நான் டிஜே ஆயிட்டேன்" என்று கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பானே தவிர, உள்ளே அந்தக் கோபம் ஆறவே இல்லை.

டொக், டொக்.

"இன்னும் குறை தம்பி" என்றாள் அம்மா. "திமிர் புடிச்சவ. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டா. வாயத் தொறந்தா லயமே அதிரும். நேர்ல போய்ப் பத்திரிகை வச்சேன், தாலி கட்டக் கூட வரல பாரு. சம்பந்தி வீட்டாளுங்க முன்னால சண்டைக்கு வந்துட்டா மானம் போயிரும்."

குறைத்தான். பந்தலில் ஆடத் தொடங்கியவர்கள் காலை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மணப்பெண் விதுஷா மாலையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ஊரையெல்லாம் ஆட வைக்கிற. எனக்கு ஒரு நாள் சத்தமா போட மாட்டியா? நான் உங்கிட்ட வேற என்ன கேட்டேன்?"

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. துஷாந்தால் அதைத் தாங்க முடியவில்லை. மறுபடியும் டொக் என்றதும் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வந்துர்றேன்."

"சண்டை வேணாம் தம்பி" என்று அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

கருப்பம்மாவின் கதவு சாத்தியிருக்கவில்லை.

"பெரியம்மா."

பதில் இல்லை.

"பெரியம்மா, உங்களத்தான் கூப்பிடுறேன்."

ஊஹூம். அம்மா சொன்னது சரிதான், திமிர்தான். விறுவிறுவென்று உள்ளே போனான்.

கருப்பம்மா அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். நரைத்த கொண்டையில் பூ வைத்திருந்தாள். ஒரு உள்ளங்கையை விரித்துச் சுவரில் பதித்து வைத்திருந்தாள்.

தோளைத் தொட்டான். திடுக்கிட்டுத் திரும்பினவள் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அட, நம்ம துஷாந்து" என்று லயம் அதிரச் சொன்னாள். "முன்னால வந்து நின்னு பேசுய்யா. வாயைப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்."

அவன் சுற்றிப்போய் அவள் முன்னால் நின்றான்.

"காது... எப்ப இருந்து பெரியம்மா?"

"அது போய் எம்புட்டோ காலமாச்சு. ஃபெக்டரியில தேயிலை சலிக்கிற மிசினுக்குப் பக்கத்துலேயே கெடந்தேன்ல. தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பொறவு சொல்றதுக்கு வெக்கமா போயிருச்சு."

வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படிச் சேலையெல்லாம் கட்டிக்கிட்டு, கல்யாணத்துக்கு ஏன் வரல?" என்று மெதுவாகக் கேட்டான், வாயை நன்றாகத் திறந்து.

"நாலு பேரு நாலு கேப்பாங்க. வெளங்காம முழிச்சா, அவளுக்குத் திமிருன்னுவாங்க. எதுக்கு வம்பு? நீ பாட்டுப் போட்டா இந்தச் செவுரு எனக்குச் சொல்லிரும். அப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்படித்தான் உக்காந்திருப்பேன். இன்னைக்கும் இங்கயே இருந்து கேட்டுக்கிருவோம்னு இருந்தேன்."

சுவரைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அவனைப் பார்த்துப் பொய்க்கோபமாய் முகத்தைச் சுளித்தாள்.

"ஆனா நீ மாறவே இல்லய்யா. கொஞ்சம் கூட்டி வைய்யின்னு எத்தனை வாட்டி தட்டினாலும், அப்ப மாதிரியே குறைச்சுக்கிட்டே போற."