பதினோரு நிமிஷம்

"பதினோரு நிமிஷம்! அவ்வளவு நேரம் நாற்காலியில உட்கார்ந்து என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

வாசற்படியிலேயே நின்று கத்தினாள் தங்கை. அவளுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன், தீயணைப்பு வண்டி டிரைவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளைத் தடுக்கவில்லை. விலாசம் விசாரித்துக் கூட்டிக்கொண்டு வந்ததே அவன்தான்.

கதவைத் திறந்தவள் போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ரேடியோவில் வரும் செய்திகளை வாங்கிச் சொல்கிறவள். பன்னிரண்டு நாளாக சஸ்பெண்டில் இருக்கிறாள்.

"சுவர் விழப்போகுதுன்னு உனக்குச் செய்தி வந்துச்சா, இல்லையா?"

"வந்தது."

"அதை உள்ளே இருந்த என் புருஷனுக்குச் சொன்னியா?"

ரேடியோக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லம்மா. தப்புதான்."

"தப்பா? கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க விடலைடி எனக்கு. மூட்டையாக் கட்டிக் கொடுத்தாங்க. நீ நல்லாவே இருக்க மாட்டே!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தங்கை படியிறங்கினாள். டிரைவர் நகரவில்லை. அவனுக்கும் ஆற வேண்டிய கோபம் இருந்தது.

பெயின்ட் கிடங்கில் பட்டப்பகலில் பிடித்த தீ. முன்பக்கம் பம்பை ஓட்டியபடி, தீயணைப்பு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இவன் நின்றான். உள்ளே, தீயணைப்பு வீரரான தங்கை புருஷன். பின்பக்கச் சந்தில் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர்தான் சுவர் பிளந்துகொண்டு வருவதை முதலில் பார்த்தார். தன் ரேடியோவில் கத்தினார்.

டிரைவருக்கும் போலீஸ்காரருக்கும் நடுவே ஐம்பது தப்படிகூட இல்லை; ஆனால் எரியும் கிடங்கைத் தாண்டவோ, கூட்டத்தை விட்டு நகரவோ அவரால் முடியாது. போலீஸ் ரேடியோவில் பேசினால் போலீசுக்குத்தான் கேட்கும், தீயணைப்பு ரேடியோ தீயணைப்பு ஆட்களோடு சரி. போலீஸ்காரர் சொன்னது ஊரின் அந்தக் கோடியிலிருந்த இவள் காதுக்குப் போய், இவள் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டு, அவர்கள் ரேடியோவில் டிரைவருக்குச் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்த ஃபோன் பதினோரு நிமிஷம் கிடைக்கவே இல்லை. கடைசியில் செய்தி வந்து, "மாப்பிள்ளே, வெளியே வாங்க" என்று இவன் வாயைத் திறக்கும்போதே சுவர் விழுந்துவிட்டது.

"நாளைக்கு விசாரணையில நானும் சாட்சி" என்றான். "நீ நேரத்துக்குச் சொல்லியிருந்தா அவர் உயிரோட வந்திருப்பார்னு எழுதிக் கொடுக்கப் போறேன்."

"கொடுங்க."

"உன் வேலையே போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அந்த அடக்கம்தான் அவனுக்கு எரிந்தது. கையை ஓங்கியே இருப்பான். அதற்குள் உள் அறையிலிருந்து அவள் கணவர் வெளியே வந்தார்.

"இன்னும் எத்தனை பேர்கிட்டப் பேச்சு வாங்குவே? இவர்கிட்டயாவது சொல்லித் தொலையேன்!"

"நீங்க சும்மா இருங்க."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவள் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். தங்கை கீழே போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் குரல் வந்தது.

"லைன் கிடைக்கலைன்னதும், ரெண்டாவது நிமிஷமே என் செல்லுல இருந்து உங்க மாப்பிள்ளையையே கூப்பிட்டேன். போன வெள்ளத்துல ஒண்ணா வேலை பார்த்தப்போ நம்பர் கொடுத்திருந்தார். எடுத்தார். சுவர் விழப்போகுது, ஓடி வந்துடுங்கன்னேன்."

டிரைவரின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"'ஒரு தொழிலாளி கால் இரும்பு ராக்குக்கு அடியில மாட்டியிருக்கு. ராக்கைப் பாதி அறுத்துட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கான், எப்படிம்மா விட்டுட்டு வர்றது'ன்னார்."

கிடங்கிலிருந்து எடுத்தது இரண்டு உடல்கள்.

"அப்போ... அவருக்குத் தெரியும்?"

"தெரியும். கூப்பிட்டேன், வரலைன்னு உங்க தங்கச்சிகிட்ட நான் எப்படிச் சொல்றது? முன்னப்பின்ன தெரியாதவனுக்காக நம்மளை விட்டுட்டாரேன்னு ஆயுசு முழுக்க அவர் மேல கோபப்படுவாங்க. அந்தக் கோபம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவர் இடுப்புல ரேடியோ இருந்துச்சே! என் கையில இருந்ததும் அதே ரேடியோதானே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த நொடி உள்ளே ஓடியிருப்பேனே!"

ரேடியோக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றான் டிரைவர்.

"அதனாலதான் அவர் உங்களுக்குச் சொல்லலை. 'வெளியில என் மச்சான் நிக்கிறார். தெரிஞ்சா உள்ளே ஓடி வந்துடுவார். என் வீட்டுக்கு அவராவது வேணும்மா'ன்னார். அதோட ஃபோனை வெச்சுட்டார். நான் உங்க கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நான் என்னன்னு எழுதட்டும்?"

"ரெண்டு ரேடியோவும் ஒண்ணோட ஒண்ணு பேசாதுன்னு எழுதுங்க. இன்னொரு வீட்டுல இப்படி நடக்காம இருக்கும். மத்ததை விட்டுடுங்க."

டிரைவர் கும்பிட்டான். அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழே, கடைசிப் படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"என்னண்ணா இவ்வளவு நேரம்? அவ ஏதாவது சாக்குச் சொன்னாளா?"

அவன் குனிந்து தங்கையின் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"இல்லம்மா" என்றான். "எல்லாம் தன் தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க."