இடதுகால் கட்டைவிரல்

ஆண்டர்சன்பேட்டைத் தொழிலாளர் நாடகத்தில் சின்னப்பா வருஷா வருஷம் காவலாளி வேஷம் கட்டி, குத்துப்பட்டுச் சாவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனைவி லீலா பதறக் கூடாதென்று, பிணமாகக் கிடந்தபடியே இடதுகால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவான்.

போன வருஷம் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்துப்போன அவனை ஷாஃப்ட் வழியே மேலே கொண்டுவந்தபோதும் அவள் அந்த விரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

அதே நாடகம் இப்போது சினிமாவாகி ராபர்ட்சன்பேட்டைக் கொட்டகைக்கு வந்திருந்தது. காவலாளியாக யாரோ ஒரு மதராஸ் நடிகர். குத்துப்பட்டு விழுந்தார். இடதுகால் கட்டைவிரல் ஆடியது.

"இன்னாக்கா இது, செத்தவன் கால ஆட்டறான்!" என்று பக்கத்துவீட்டு சரோஜம்மா சிரித்தாள். கொட்டகையே சிரித்தது. விரல் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்துட்டேன், படுங்க" என்றாள் லீலா மெதுவாக.

விரல் நின்றது.